ஸ்டெம் செல் ஊசிக்குப் பிள்ளையைச் சென்னைக்குக் கொண்டு போகலாமா?

வாவிக்கரையான் (ஆரையம்பதி)

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு ஆலோசனை வேண்டும்.

தங்கச்சியின் மகனுக்கு ஐந்து வயது. மூன்று வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். இன்னும் கோர்வையாகப் பேச்சு வரவில்லை. போன மாதம் மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இலவச ஆலோசனை முகாம் என்று நோட்டீஸ் பார்த்துப் போயிருக்கிறாள். சென்னையில் உள்ள ஒரு கிளினிக்குக்கு ஆள் சேர்க்கிற முகவர் நடத்தியது அது. வீடியோ போட்டுக் காட்டினார்களாம்: ஊசிக்கு முன் கையை உதறிக்கொண்டு திரிகிற பிள்ளை, ஊசிக்குப் பின் 'அம்மா' என்று கூப்பிடுகிறது. அதைப் பார்த்த தாய் வேறு என்ன செய்வாள்? வளவை ஈடு வைத்தாவது போகிறேன் என்று நிற்கிறாள்.

இடுப்பெலும்புக்குள் இருக்கிற மச்சையை எடுத்து, அதில் ஸ்டெம் செல்லை, அதாவது மற்ற செல்களை உண்டாக்குகிற மூல செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டுக்குள் ஊசியாகப் போடுவார்களாம். மூன்று தரம் போடவேண்டும். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து இலங்கைக் காசில் 25 லட்சத்துக்குக் கிட்ட வரும்.

கொடுத்துவிட்ட தாள்களை இருந்து வாசித்தேன். முன்பக்கம் முழுக்கக் கலர்ப் படம், தமிழில் பெரிய எழுத்து. கடைசித் தாள்தான் சம்மதப் படிவம். அது மட்டும் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். 'இந்தச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளது என்பதை அறிவேன், பலன் கிடைக்காவிட்டாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்கிற இடம். தங்கச்சிக்கு அந்த வரியை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

மச்சான் கட்டாரில் இருக்கிறார். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டிருக்கிறார். இப்படிச் செய்ய அனுமதி உண்டா? தடுக்கச் சட்டம் எதுவும் இல்லையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்ஸ்அக்கா (கல்லடி)

தம்பி, ஸ்டெம் செல் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். என்புமச்சை மாற்றுச் சிகிச்சை பல பத்து ஆண்டுகளாக நடக்கிறது. அதற்கு வழி போட்ட டொனால் தோமஸ் என்ற அமெரிக்க வைத்தியருக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தப் புற்றுநோயிலும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயிலும் அது உயிர் காக்கிற சிகிச்சை. மச்சையில் இருக்கிற ஸ்டெம் செல்லின் வேலையே இரத்தம் உண்டாக்குவது. பழுதான இரத்தத்துக்குப் பதிலாக நல்ல இரத்தத்தை உண்டாக்க அதைக் கொடுக்கிறார்கள். காரணம் தெரியும், பலனும் கணக்கில் இருக்கிறது.

அதே செல்லை முதுகுத்தண்டுக்குள் விட்டால் பேச்சு வரும் என்பது வேறு கதை. மூளையில் உள்ள அழற்சியைக் குறைக்கும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். சரி, அது உண்மையா என்று பார்த்தார்களா? ஒரு இடத்தில் ஒழுங்காகப் பார்த்தார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் முதலில் 25 ஓட்டிசப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை இரத்த நாளம் வழியாக ஏற்றினார்கள். பெற்றோர் முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். 2017இல் அது வெளிவந்ததும் உலகம் முழுக்கப் பரபரப்பு. அதே குழு அதோடு நிற்கவில்லை. 180 பிள்ளைகளைச் சேர்த்து, சிலருக்கு உண்மையான செல், சிலருக்கு மருந்து போலத் தெரிகிற, செல் இல்லாத வெறும் பாவனை மருந்து என்று, எது யாருக்கு என்று பெற்றோருக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. எந்தத் திறனில் முன்னேற்றம் வரும் என்று எதிர்பார்த்தார்களோ, அதில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஐந்து வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் தானாகவும் வளர்கிறது. ஊசி போடாத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால், வளர்ச்சி எது, மருந்து எது என்று தாய்க்குத் தெரியாது. கொடுக்கிற டொக்டருக்கும் தெரியாது.

கல்முனை_வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் போய் வந்தவன், அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பெருமூளை வாதம். நாலு வயதில் இந்தியாவில் ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் ஸ்டெம் செல் போட்டோம். போகும்போது பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. வந்து சில மாதத்தில் தலையணை முட்டுக் கொடுக்காமல் உட்கார்ந்தாள். அதை என் கண்ணால் கண்டேன். ஆய்வு, பாவனை மருந்து என்று எழுதுகிறவர்கள் ஒரு இரவு எங்கள் வீட்டில் வந்து படுத்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. ஒழுங்கான வழியில் வருகிற மருந்து எங்களுக்கு எட்டுமா? தலசீமியாவுக்கும் அரிவாள்செல் நோய்க்கும் மரபணுவைத் திருத்துகிற கஸ்கெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. எல்லா விதியும் பார்த்து வந்த மருந்துதான். அமெரிக்காவில் அதன் விலை ஒரு ஆளுக்கு 22 லட்சம் டொலர். சான்று இருக்கிறது, அனுமதி இருக்கிறது, கல்முனையில் இருக்கிற ஒரு வாப்பாவுக்கு அதால் என்ன பிரயோசனம்? 1978இல் லூயிஸ் பிரவுன் என்ற முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோதும் இது தர்மத்துக்கு விரோதம், நிறுத்து என்றுதான் பலர் சொன்னார்கள். இன்றைக்கு எங்கள் ஊரிலேயே அப்படிப் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தால் எது வரும்?

தாயைத் தடுக்காதீர்கள் தம்பி. பின்னால் அந்தக் கவலையை யாரும் வந்து சுமக்கமாட்டார்கள்.

வந்தாறுமூலை

நானா, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு வருகிறேன். முதலில் ஆரையம்பதி அண்ணன் கேட்ட சட்டம். மனிதர்மேல் செய்கிற ஆய்வு நியாயமானதா, ஆபத்து இல்லாததா என்று பார்த்து அனுமதி கொடுக்கிற ஆய்வு ஒழுக்கக் குழு வேலையோடு நான் கொஞ்சம் பழக்கம் உள்ளவன்.

இங்கே இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. மருந்து, மருத்துவ உபகரணம், மனிதர்மேல் செய்யும் மருந்துப் பரிசோதனை எல்லாம் அதன் பொறுப்பில் வரும். ஆனால் ஊசி போடப்படுவது சென்னையில். கடல் தாண்டி அந்தச் சட்டம் போகாது. 1987இன் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் இருக்கிறது. அது உறுப்பு, இழைய தானத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட காலத்துச் சட்டம். ஆய்வுகூடத்தில் செல்லைப் பெருக்கி ஊசியாக விற்கிற தொழிலை அப்போது யார் நினைத்தார்கள்?

இந்தியாவில் விதி தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் இன்னும் ஆய்வு நிலைதான், அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே செய்வது ஒழுக்கத்துக்கு விரோதம், செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் அந்தப் படிவத்தில் 'ஆய்வு நிலை' என்ற சொல் வருகிறது. அந்தச் சொல் பிள்ளையைக் காப்பாற்றப் போடப்பட்டதல்ல, கிளினிக்கைக் காப்பாற்றப் போடப்பட்டது.

சரி, ஆய்வு என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான ஆய்வில் கலந்துகொள்கிறவரிடம் 25 லட்சம் கேட்கமாட்டார்கள். செலவு ஆய்வு நடத்துகிறவருடையது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் பரிசோதனை விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் வைத்தியமும் நட்டஈடும் கொடுக்கவேண்டும். சிகிச்சை என்றால் சான்று காட்டவேண்டும். இவர்கள் காசு வாங்கும்போது சிகிச்சை என்கிறார்கள், பொறுப்பு வரும்போது ஆய்வு என்கிறார்கள். என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான். மருமகனின் முதுகில் ஊசி போகும்போது அவன் நோயாளியாகவும் கணக்கில் இல்லை, ஆய்வில் பங்குபற்றுகிறவனாகவும் கணக்கில் இல்லை.

ஆய்வுப் பதிவேட்டில் கிளினிக்கின் பெயர் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அதற்கும் ஏமாறவேண்டாம். புளோரிடாவில் வயது போன பெண்கள் மூன்று பேர் விழித்திரை நோய்க்கு, அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பில் இருந்து எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டார்கள். கட்டணம் 5000 டொலர். அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் அந்தக் கிளினிக்கின் பெயரில் ஒரு ஆய்வு இருந்தது. மூவருக்கும் பார்வை கிட்டத்தட்ட முழுக்கப் போனது. 2017இல் மருத்துவ சஞ்சிகையில் வந்தது இது. பதிவேட்டில் யாரும் பதியலாம். பதிவு வேறு, அனுமதி வேறு.

வாவிக்கரையான்

படிவத்தை மறுபடி பார்த்தேன். ஆய்வு இலக்கம், ஒழுக்கக் குழுவின் பெயர் எதுவும் இல்லை. பாதிப்பு வந்தால் யார் பார்ப்பது என்றும் இல்லை.

ஒரு சந்தேகம். பிள்ளையின் சொந்தச் செல்தானே, அதில் என்ன கெடுதல் வரும் என்று தங்கச்சி கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நேர்ஸ்அக்கா (கல்லடி)

எல்லாத் தாயும் கேட்கிற கேள்வி. புளோரிடாக்காரருக்கும் சொந்தச் செல்தான் போட்டார்கள். ஒரு இடத்தில் இருந்து எடுத்து, பிரித்து, இரசாயனம் சேர்த்து, வேறொரு இடத்தில் போட்ட பிறகு அது பழைய செல் இல்லை, ஒரு மருந்து. எந்த அறையில், எவ்வளவு சுத்தத்தில் செய்தார்கள் என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்து செய்த ஊசியால் 12 பேர் கடும் தொற்றோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இன்னொரு பையனை நரம்பு நோய்க்காக மொஸ்கோவுக்குக் கொண்டுபோய் மூளையிலும் முதுகுத்தண்டிலும் கருவில் இருந்து எடுத்த செல்லைப் போட்டார்கள். சில வருடத்தில் அங்கேயே கட்டி வளர்ந்தது. சோதித்துப் பார்த்தால் கட்டியில் இருந்தது பையனின் செல் அல்ல, ஊசியில் போன அந்தக் கருவின் செல். 2009இல் வெளிவந்த அறிக்கை. அது அவனுடைய சொந்தச் செல் இல்லைதான். ஆனால் உள்ளே போன செல் சொன்னபடி கேட்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வார்டில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். முதுகில் ஊசி போட்ட பெரிய ஆட்களே இரண்டு மூன்று நாள் தலை நிமிர்த்த முடியாமல் படுத்திருப்பார்கள். 'மிஸ், இருந்தால் தலை வெடிக்குது, படுத்தால் சரி' என்று சொல்வார்கள், உடனே டொக்டரைக் கூப்பிடுவோம். உங்கள் மருமகனுக்குப் பேச்சு இல்லை. அவன் அழுவான், தலையைச் சுவரில் அடிப்பான். அதை ஓட்டிசக் குணம் என்று எழுதிவிடுவார்கள். மூன்று தரம் இது நடக்கும்.

கல்முனை நானா, உங்கள் மகள் உட்கார்ந்ததில் எனக்குச் சந்தோசம். அந்த நாட்களில் பிசியோதெரபியும் செய்தீர்களா?

மிஸ்_சம்மாந்துறை

நான் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிறவள். எங்கள் பக்கத்தில் இது ஹலாலா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சொந்த மச்சையில் இருந்து எடுக்கிறதால் கருவைச் சிதைக்கிற பிரச்சினை இல்லை, ஆகவே பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேள்வி அதோடு முடியவில்லை. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நபிமொழி. பிள்ளை எங்களிடம் தரப்பட்ட அமானிதம். எங்கள் உடம்பில் ஒரு ஊசியைத் துணிந்து போட்டுக்கொள்வது வேறு, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் உடம்பில் போடுவது வேறு. அமானிதத்துக்கு இன்னும் கூடுதலாகவே சான்று கேட்கவேண்டும். வெள்ளிக்கிழமைப் பயானில் இதைச் சொன்னால் பல வீடு பிழைக்கும்.

கல்லாற்று_வாத்தியார்

மனே வாவிக்கரையான், தங்கச்சியோடு கோபப்பட்டுப் பேசவேண்டாம். அவள் பிள்ளைக்காக ஓடுகிறாள்.

இங்கே எல்லாரும் சென்னைக் கிளினிக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த முகவரை யார் கேட்பது? அவர் இருப்பது எங்கள் ஊரில், மண்டபம் எடுத்தது எங்கள் ஊரில், காசு வாங்குவதும் இங்கேதான். வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கவேண்டும். அந்தச் சட்டம் வந்த பிறகும் எங்கள் பெண்கள் பட்ட பாடு தெரியும், ஆனாலும் போய் முறையிட ஒரு கதவு இருக்கிறது. நோயாளியை அனுப்பித் தரகு வாங்குகிறவருக்கும் பதிவு வேண்டும், தரகு எவ்வளவு என்று நோயாளிக்குச் சொல்லவேண்டும், சம்மதப் படிவம் அந்தத் தாய்க்குத் தெரிந்த மொழியில் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் செய்ய விஞ்ஞானி தேவையில்லை.

வந்தாறுமூலை

சேர் சொன்னதோடு ஒன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொய்யாக நம்பவைத்து விற்கிற சேவையைப் பற்றி முறையிடலாம். அந்த நோட்டீஸையும் படிவத்தையும் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸில் 'குணமாகும்' என்று தமிழில், படிவத்தில் 'பலன் இல்லாவிட்டால் கேட்கமாட்டேன்' என்று ஆங்கிலத்தில். இரண்டும் ஒரே உறைக்குள் இருப்பதே போதிய சாட்சி.

இனி கல்முனை நானாவுக்கு. சோதனைக்குழாய்க் குழந்தையைச் சொன்னீர்கள், நல்ல உதாரணம். 1978க்குப் பிறகு பிரித்தானியா தடை போடவில்லை. வார்னொக் அம்மையார் தலைமையில் குழு வைத்து 1984இல் அறிக்கை வாங்கியது. கருவை ஆய்வுகூடத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்ற எல்லை அதில்தான் வந்தது. 1990இல் சட்டம் போட்டார்கள். 1991இல் இருந்து அங்கே அனுமதி இல்லாமல் கிளினிக் நடத்த முடியாது, செய்கிற ஒவ்வொரு சிகிச்சையும் அதிகாரசபையின் பதிவேட்டில் ஏறும். எத்தனை பேருக்குச் செய்தார்கள், எத்தனை பிள்ளை பிறந்தது, எங்கே பிழை நடந்தது என்று எண்ணினார்கள். எண்ணியதால்தான் அந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு நம்பிக்கை வந்தது.

விலையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. 22 லட்சம் டொலர் என்பது எங்களைப் போன்ற நாட்டின் முகத்தில் கதவை அடிக்கிற விலை. ஒழுங்குமுறை என்றால் பாதுகாப்பை மட்டும் பார்த்தால் போதாது, விலையையும் பார்க்கவேண்டும் என்று உங்களோடு சேர்ந்து கத்துவேன்.

உங்களிடம் ஒரு கேள்வி. ஊசி போட்ட பிறகு அந்த இடத்தில் இருந்து யாராவது மகளைப் பற்றிக் கேட்டார்களா?

கல்முனை_வாப்பா

இந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. காசு கட்டும் வரைக்கும் நாளுக்கு இரண்டு போன் வரும். ஊருக்கு வந்த பிறகு நான்தான் எடுப்பேன். மகள் உட்கார்ந்த அன்றைக்கு வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அடுத்த ஊசிக்கு எப்போது வருகிறீர்கள் என்று பதில் வந்தது. உட்கார்ந்த பிள்ளையை எழுதி வைக்கவும் இல்லை, அதே வார்டில் எங்களோடு இருந்த இன்னொரு பிள்ளைக்கு வலிப்பு வரத் தொடங்கியது, அதை எழுதி வைத்திருப்பார்களா?

பிசியோ செய்தோம் நேர்ஸ் அக்கா. அங்கே போன காலத்தில் காலையும் மாலையும் செய்தார்கள். வந்த பிறகு மனைவி விடாமல் செய்தாள். ஊசியால்தான் உட்கார்ந்தாள் என்று நான் இன்னும் நம்புகிறேன், அதை யாரும் என்னிடம் இருந்து எடுக்கவேண்டாம். ஆனால் என் பிள்ளைக்கு நடந்தது நல்லதாக இருந்தால், அது இன்னொரு பிள்ளைக்கு உதவியிருக்கவேண்டும். எங்கள் காசையும் வாங்கி, எங்கள் பிள்ளையின் கதையையும் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

மண்முனை_பிள்ளை

இதை எல்லாம் வாசித்துவிட்டு எழுதுகிறேன். விதி என்றாலே தாமதம் என்று நினைக்கிறவர்களுக்காக. பிலடெல்பியாவில் 2024இல் பிறந்த ஒரு குழந்தைக்கு, இரத்தத்தில் அமோனியா சேருகிற அரிய பரம்பரை நோய். அந்த ஒரு பிள்ளையின் மரபணுவில் இருந்த எழுத்துப் பிழைக்கு மட்டும் பொருந்துகிற மரபணுத் திருத்த மருந்தை ஆறு மாதத்தில் செய்தார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் விரைவாகப் பார்த்து அனுமதி கொடுத்தது, 2025 பெப்ரவரியில் முதல் ஊசி, மே மாதம் முழு விபரமும் சஞ்சிகையில். ஆபத்தையும் மறைக்கவில்லை, நோய் முழுக்கக் குணம் என்றும் சொல்லவில்லை.

2018இல் சீனாவில் ஹெ ஜியன்குயி என்பவர் இரகசியமாக இரட்டைப் பெண் குழந்தைகளின் மரபணுவைக் கருவிலேயே திருத்திவிட்டு மேடையில் வந்து நின்றார். அடுத்த வருடம் மூன்று வருடச் சிறை. இரண்டும் ஒரே தொழில்நுட்பக் குடும்பம்தான். ஒன்றில் கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள், மற்றதில் இல்லை. நாளைக்கு 'மரபணு ஊசி' என்று இதே ஹோட்டல் மண்டபத்தில் நோட்டீஸ் வரும். அதற்கு முன்னாலாவது எங்கள் சுகாதார அமைச்சு முழித்துக்கொள்ள வேண்டும்.

வாவிக்கரையான்

இன்றைக்கு முகவரிடம் நேரே போனில் கேட்டேன். எந்த ஆய்வு, இலக்கம் என்ன, எந்த ஒழுக்கக் குழு அனுமதி கொடுத்தது, ஆய்வு என்றால் ஏன் காசு, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் மட்டக்களப்பில் யார் பொறுப்பு? 'அதெல்லாம் பேப்பருக்காகப் போட்டது, நீங்கள் யோசிக்காதீங்க' என்றார். இந்த மாதத்துக்குள் கட்டினால் பத்து வீதம் கழிவு என்றும் சொன்னார். அந்தப் பேச்சைத் தங்கச்சியும் பக்கத்தில் இருந்து கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வளவை ஈடு வைக்க உறுதிக்காரரிடம் போகிற பயணத்தை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறாள்.

வேறு என்ன செய்வது என்றுதான் இப்போது கேட்கிறாள். அதற்கு நான் என்ன சொல்ல?

நேர்ஸ்அக்கா (கல்லடி)

போதனா வைத்தியசாலைச் சிறுவர் பிரிவில் கிளினிக் கொப்பியோடு வரச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைப் பழக்குகிற தொழில்வழிப் பயிற்சிக்கும் அங்கே இருந்து எழுதி அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டி வரும், அதைப் பொய்யாகச் சொல்லமாட்டேன். முதல் தடவை நான் கூட வந்து காட்டிவிடுகிறேன். 25 லட்சத்தில் ஒரு துண்டை வைத்தே வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒருவரை ஒழுங்கு செய்யலாம். தாயும் கற்றுக்கொள்ளவேண்டும், அதுதான் பெரிய பலன் தரும்.

கல்முனை_வாப்பா

தம்பி, தங்கச்சியோடு நான் பேசுகிறேன். போகாதே என்று சொல்ல வரமாட்டேன், எங்களுக்கு நடந்தது எல்லாவற்றையும் சொல்லுவேன், வலிப்பு வந்த பிள்ளையின் உம்மாவையும் கேட்டுப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆரையம்பதிக்கு வர முடியும். நம்பரைத் தனிச்செய்தியில் போடுங்கள். வந்தாறுமூலைத் தம்பி, நான் அனுப்பின வீடியோவும் அவர்கள் அனுப்பின பதிலும் இன்னும் போனில் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு வேண்டுமென்றால் தருகிறேன்.